வலது பக்க ஃபேன்

"ரெண்டு ஃபேனுக்கும் ஒரே ரிலே சுவிட்ச் தாங்காதுன்னு அவன்கிட்ட சொல்லும்மா" என்றார் அண்ணன், பானெட்டுக்குள் குனிந்தபடி.

அந்த 'அவன்' ஒரு முழம் தள்ளி, அதே பானெட்டுக்குள்தான் குனிந்திருந்தான்.

"தனித்தனி ரிலே, தனித்தனி ஃபியூஸ்தான் வச்சிருக்கேன். கண்ணைத் திறந்து பார்க்கச் சொல்லுக்கா" என்றான் தம்பி.

இருவருக்கும் நடுவில் பிறந்தவள் இப்போதும் நடுவில்தான் நின்றாள். அவள் எதையும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே இரண்டு காதிலும் விழுந்திருந்தது.

ஒன்பது வருடமாக இப்படித்தான். அண்ணன் வண்டிகளுக்கு ஒயரிங் செய்பவர். தம்பி என்ஜின் மெக்கானிக். இந்தப் பழைய காரை வாங்கி, இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளை அதிலேயே கரைத்து, என்ஜினுக்கு இன்னும் இழுவை கிடைக்க டர்போ மாட்டினார்கள். டர்போ போட்டால் சூடு ஏறுமே என்று, ரேடியேட்டருக்குப் பின்னால் ஒன்றுக்கு இரண்டாக மின்சார ஃபேன் வைத்தார்கள். சீட்டுக்கு உறை தைத்தது அவள்.

முதல் நீண்ட பயணத்திலேயே, மேட்டில் ஏறும்போது, வண்டி கொதித்து நின்றது. என்ஜின் பாழ். "உன் ஒயரிங்தான்" என்றான் தம்பி. "உன் டர்போதான்" என்றார் அண்ணன். வார்த்தை தடித்தது. மூவரும் மூன்று பஸ்ஸில் வீடு திரும்பினார்கள். என்ஜினைப் பிறகு யாரோ வெளியாள் சரிசெய்தார். ஆனால் "அவனே வச்சுக்கட்டும்" என்று இருவருமே சொல்லிவிட, கார் அவள் வீட்டு ஷெட்டில் வந்து நின்றது. வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைப்பது அவள் வேலையாயிற்று.

அடுத்த வாரம் அவள் மகளோடு இருக்க வெளிநாடு கிளம்புகிறாள். திரும்பி வருவதாக இல்லை. "ஃபேன் ஒயரெல்லாம் வெடிச்சுப்போச்சு. நீ வந்து புதுசா போட்டுக்கொடு, வித்துடலாம்" என்று இருவரிடமும் தனித்தனியாகச் சொல்லியிருந்தாள். வாசலில் ஒருவரையொருவர் பார்த்ததும் இருவருக்கும் முகம் சுருங்கியது. ஆனாலும் கிளம்பப்போகிறவளிடம் முறுக்கிக்கொள்ள மனமில்லை.

"எர்த் வைக்கிற இடத்துல பெயின்ட்டைச் சுரண்டணும்னு சொல்லு."

"சுரண்டியாச்சுன்னு சொல்லு."

"டர்போ முதல்தடவை விசில் அடிச்ச அன்னிக்கு ஞாபகம் இருக்கா?" என்றாள் அவள், பொதுவாக. "பக்கத்து வீட்டம்மா குக்கரை அணைக்க உள்ளே ஓடினாங்களே!"

"ஓடிட்டு, அடுப்பே பத்த வைக்கலையேன்னு திரும்பி வந்தாங்க" என்றான் தம்பி.

அண்ணன் சிரித்துவிட்டு, அது இருமல் போல இருக்கட்டும் என்று இரண்டு முறை இருமினார்.

பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ஃபியூஸிலிருந்து ரிலே, ரிலேயிலிருந்து ஃபேன். மாலைக்குள் வேலை முடிந்தது. அவள் ஸ்டார்ட் செய்தாள். அண்ணன் ஜன்னல் வழியே சூடு காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபேன் றெக்கையில் டேப் துண்டு ஒன்று ஒட்டியிருப்பதைக் கண்ட தம்பி, அதை எடுக்க விரலை நுழைத்தான். ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும் அளவுக்கு முள் ஏறிவிட்டது.

"டேய், கையை எடுடா!"

தம்பி கையை இழுப்பதற்கும் ஃபேன் உறுமிக்கொண்டு சுற்றுவதற்கும் சரியாக இருந்தது.

"எடுத்துட்டேண்ணே" என்றான்.

ஒன்பது வருடத்தில் நேருக்கு நேர் பேசிய முதல் வார்த்தை. அதைக் கவனிக்க இருவருக்கும் நேரமில்லை. இரண்டாவது ஃபேனும் சுற்றத் தொடங்கியது. ஆனால் முள் இறங்கவில்லை.

அண்ணன் ஒரு செய்தித்தாளைக் கிழித்து ரேடியேட்டரின் முன்னால் பிடித்தார். இடது பக்கம் காகிதம் அப்படியே ஒட்டிக்கொண்டது. வலது பக்கம் பறந்து அவர் முகத்தில் அடித்தது.

"ஒண்ணு காத்தை இழுக்குது, இன்னொண்ணு தள்ளுதுடா!"

என்ஜினை நிறுத்தி, ஃபியூஸைப் பிடுங்கி, வலது ஃபேனின் பின்னால் தடவினான் தம்பி. எண்ணெய்ப் பிசுக்கேறிய பழைய டேப்பைப் பிரித்தான். உள்ளே பிளக்கில் இரண்டு ஒயரும் இடம் மாறி, ஃபேனைத் தலைகீழாகச் சுற்ற வைத்திருந்தன.

"இந்த பிளக்கை இன்னிக்கு நாம தொடவே இல்லையேண்ணே."

அண்ணன் பக்கத்திலிருந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ அன்னிக்கே இப்படித்தான் இருந்திருக்கு. அவசரத்துல நான்தான்டா மாத்திச் செருகியிருக்கேன். வாய்கூசாம உன் டர்போவைச் சொன்னேன்."

"நீ செருகினது சரியாத்தான் இருந்திருக்கும். கிளம்புறதுக்கு முந்தின நாள் ரேடியேட்டரைக் கழட்டி மாட்டினது யாரு? நான்தானே? என் தப்புண்ணே."

"சும்மா இருடா. என் தப்பு."

"இல்லைங்கிறேன்ல!"

இதற்கும் ஒரு சண்டை வந்துவிடுமோ என்று அவளுக்குப் பயமாகிவிட்டது.

ஒயரை மாற்றினார்கள். இரண்டு பக்கமும் காகிதம் ஒட்டியது. முள் மளமளவென்று இறங்கியது.

"விக்கிறதெல்லாம் வேண்டாம்மா" என்றார் அண்ணன், கையைத் துடைத்தபடி. "எங்ககிட்டயே இருக்கட்டும். நீ ஓட்டுடா, அந்த மேட்டுக்கே விடு."

கார் விசிலடித்துக்கொண்டு தெருமுனை திரும்பியது. அவள் வாசலில் நின்று, சத்தம் ஓயும்வரை கேட்டாள். பிறகு மகளுக்கு போன் போட்டாள்.

"மாமாங்க ரெண்டு பேரும் ஒரே வண்டியில போறாங்கடி."

"நிஜமாவா! அன்னிக்கு வண்டி ஏன் கொதிச்சுதுன்னு தெரிஞ்சுதா?"

"அது அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும்" என்றாள் அவள். "ஒன்பது வருஷமா ஒழுங்கா ஓடிட்டிருந்த ஃபேன்டி அது. இன்னிக்குக் காலையிலதான் நான் ஒயரை மாத்திச் செருகி, அதே பழைய டேப்பைச் சுத்தி வச்சேன்."