ஜெஞ்சாரோம் எக்ஸ்பிரஸ்

ஆளுக்கு ஒரு தேநீரும் ஒரு கறிபாப்பும் கொடுத்து உட்கார வைத்தார்கள்.

நாகையா கறிபாப்பைத் தொடவில்லை. தாங்களே ஐந்து வருடம் உழைத்து உருவாக்கிய கம்ப்யூட்டர் விளையாட்டை ஒரே மின்னஞ்சலில் நிறுத்திவிட்டு, சனிக்கிழமை மத்தியானம் கூப்பிட்டுப் பலகாரம் கொடுக்கிறார்கள். துக்க வீட்டில்கூட எப்படிச் செத்தார் என்று சொல்லிவிட்டுத்தான் காப்பி கொடுப்பார்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் அந்த விளையாட்டைச் செய்த நிறுவனத்தின் அலுவலகம் நான்காவது மாடியில் இருந்தது. விளையாட்டை வெளியிடும் முன் ஆடிப் பார்த்துச் சொல்வதற்காகச் சேர்க்கப்பட்ட நாற்பது பேரும் கூடத்தில் இருந்தார்கள்.

விளையாட்டின் பெயர் நாவாய். நாகப்பட்டினத்திலிருந்து கடாரம் வரை ஒரே கடல். அதில் ஒரே நேரத்தில் பத்தாயிரம் பேர் இணையம் வழியாக இறங்கலாம். மாலுமியாகவோ வணிகனாகவோ கொள்ளைக்காரனாகவோ வாழலாம். அப்படித்தான் சொல்லி ஆள் சேர்த்தார்கள்.

நாகையாவுக்கு நாற்பத்தைந்து வயது. ஜாலான் தம்பிப்பிள்ளை என்ற தெருவில் மசாஜ் கடை வைத்திருக்கிறார். பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது.

விண்ணப்பத்தில் வயது கேட்டார்கள், ஊர் கேட்டார்கள், என்ன கம்ப்யூட்டர் என்று கேட்டார்கள். கண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அந்தக் கடலின் சத்தத்தை யாரோ ஒரு மகராசன் அப்படிச் செய்திருந்தான். பாறையில் மோதும் அலை ஒரு மாதிரி, மணலில் ஏறும் அலை வேறு மாதிரி. பாயை எந்தப் பக்கக் காற்று அறைகிறது என்பது ஹெட்போனிலேயே தெரிந்தது. மூன்று மாதத்தில் கரை முழுக்க அவருக்கு மனப்பாடம். பிறந்த ஊரின் பெயரில் ஒரு கப்பல் எடுத்தார். ஜெஞ்சாரோம் எக்ஸ்பிரஸ். சுக்கான் அவர் கையில்.

வெளியே, ரோட்டைத் தாண்டுவதற்குள் நாலு பேர் அவருக்கு வழி சொல்வார்கள். அந்தக் கடலில் முப்பது கப்பல்கள் அவர் போன வழியே வந்தன.

போன வெள்ளிக்கிழமை அதை அணைத்துவிட்டார்கள்.

பக்கத்து நாற்காலியில் ஃபர்ஹானா. கிள்ளானில் ஒரு பல் கிளினிக்கில் வேலை செய்கிறாள். இரண்டு வருடமாக அவர் கப்பலில், பாய்மரத்தின் உச்சியிலிருந்து தூரம் பார்த்துச் சொல்பவள் அவள்தான். நேரில் சந்திப்பது இன்றுதான். வாசலில் அவர் தன் பெயரைச் சொன்னதும் அவள் அவர் கையிலிருந்த தடியைத் தொட்டுப் பார்த்தாள்.

“அண்ணே, பனிமூட்டத்துல ஒண்ணுமே தெரியலன்னு நான் கத்துவேனே. நீங்க, எனக்குத் தெரியுது லா, பயப்படாதன்னு சொல்வீங்களே!” என்று வயிறு வலிக்கச் சிரித்தாள். இன்று நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

மைக்கில் கிஷன் பேசிக்கொண்டிருந்தார். இந்த அலுவலகத்துக்கு அவர்தான் தலைவர். சந்தை நிலவரம் என்றார். வெளிநாட்டில் இருக்கும் தலைமையகத்தின் முடிவு என்றார். எல்லாருக்கும் ஒரு டீ-ஷர்ட் உண்டு என்றார்.

நாகையாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“காரணத்தச் சொல்லுங்க, பாஸ்! உங்க அஞ்சு வருஷம், எங்க ரெண்டு வருஷம். டீ-ஷர்ட் யாருக்கு வேணும்?”

கூடம் முழுக்கக் கைதட்டியது.

கிஷன் பெருமூச்சு விட்டார். “ஓகே லா, உண்மையச் சொல்லிடுறேன். நம்ம கேம்ல ஒரு திருட்டு புரோகிராம் பூந்துடுச்சு. ஒரு கப்பல மனுஷன் ஓட்டல, மெஷின் ஓட்டுது. ரெண்டு வருஷத்துல ஒரு தடவகூட மேப் தொறக்கல. வெளக்கு ஏத்தல. பனிமூட்டத்துல மத்தவங்க எல்லாம் நின்னுடுவாங்க, அது மட்டும் அதே ஸ்பீட்ல போவும். எப்படி வேலை செய்யுதுன்னு கண்டுபிடிக்கத்தான் ஓட விட்டோம். முடியல. இந்த ஒண்ணையே புடிக்க முடியலன்னா பத்தாயிரம் பேர எப்படி வெச்சுக் காப்பாத்துவீங்கன்னு மேல கேட்டாங்க. மூடச் சொல்லிட்டாங்க.”

கூடம் கொதித்தது. பின்வரிசையில் ஒருவன் மலாயில் கெட்ட வார்த்தை சொன்னான். அதைச் செய்தவன் கையை ஒடிக்க வேண்டும் என்றான் இன்னொருவன்.

எல்லாரையும்விட உரக்கக் கத்தியது நாகையாதான்.

“எந்தக் கப்பல்? பேரச் சொல்லுங்க!”

“ஜெஞ்சாரோம் எக்ஸ்பிரஸ்.”

ஃபர்ஹானா அவர் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

நாகையா மெல்ல அவள் விரல்களை எடுத்துவிட்டார். மடக்கி வைத்திருந்த தடியை விரித்தார். நாற்காலிகளுக்கு நடுவே தட்டித் தட்டி, மைக் சத்தம் வந்த திசையில் நடந்தார். அவர் தாண்டிப் போன வரிசைகளில் எல்லாம் பேச்சு நின்றது.

மைக்கில் கிஷனின் குரல் திடீரென்று கனிந்தது.

“அங்கிள், டாய்லட் வலது பக்கம். யாராச்சும் அங்கிளக் கொஞ்சம் புடிச்சுக் கூட்டிட்டுப் போங்களேன்.”

ஒரு கை வந்து அவர் முழங்கையைப் பிடித்தது. அதை உதறினார்.

“டாய்லட் வேணாம், தம்பி. எந்தப் பாறையில எத்தன தடவ மோதியிருந்தா என்னைய மனுஷன்னு ஒத்துக்கிட்டிருப்பீங்க? அத மட்டும் சொல்லுங்க.”

டக்கென்று கிஷன் மைக்கை அணைத்துவிட்டார்.