சீட்டுக்கு அடியில்

இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. மைதானத்து ஓரத்தில், புல்வெட்டும் வண்டிக்கு அடியில் மெக்கானிக் மல்லாந்து கிடந்து இரண்டு மணி நேரமாகிறது.

இது மூன்றாவது தடவை. இன்றைக்கும் சரியாகவில்லை என்றால் வண்டி ஓட்டுகிற ஆளையே மாற்றிவிடுவேன் என்று சூப்பர்வைசர் காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஓட்டுகிற ஆள் மெக்கானிக்கின் தங்கை புருஷன்.

கோளாறு இதுதான். மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினால் இன்ஜின் பிடிக்கும். பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் பொட்டென்று அணைந்துவிடும். மெக்கானிக் ஏறினால் மைதானத்தை மூன்று சுற்று சுற்றிவிட்டு வந்து நிற்கும்.

"நா ஏறினா பசுமாடு மாதிரி போகுது. உன்னப் பாத்தா மட்டும் ஏன் மாப்ள மூஞ்சியத் திருப்பிக்குது? வீட்ல போடற சண்டைய இதுகிட்டயும் போட்டியா?"

"நா என்ன பண்ணேன் மச்சான்? ஏறி உக்காந்ததுதான்."

முதல் தடவை வந்தபோது பியூஸ் மாற்றினார். இரண்டாம் தடவை பேட்டரி முனைகளைச் சுரண்டி, சாவி சுவிட்சையே புதிதாகப் போட்டார். இன்றைக்கு பிரேக் சுவிட்ச், பிளேடு சுவிட்ச், எர்த் ஒயர் எல்லாவற்றையும் மீட்டர் வைத்துப் பார்த்தாயிற்று. ஒன்றிலும் குற்றமில்லை.

முப்பது வருஷத்தில் ஆள் பார்த்து வேலை செய்கிற கரண்டை அவர் கண்டதில்லை.

மாப்பிள்ளைதான் வேண்டுமென்றே ஏதோ செய்கிறானோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் வேலையை விடப் பார்க்கிறவன் இப்படி வெயிலில் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருக்க மாட்டான். அதுவும் தடித்த காக்கிக் கோட்டை மாட்டிக்கொண்டு, கழுத்து வரைக்கும் பித்தான் போட்டுக்கொண்டு.

"அந்தக் கோட்டத்தான் கழட்டேன்யா. பாக்கற எனக்கே வேர்க்குது."

"இருக்கட்டும் மச்சான்."

மிச்சமிருந்தது சீட்டுக்கு அடியில் இருக்கும் சுவிட்ச் ஒன்றுதான். ஓட்டுகிறவன் தவறி விழுந்தால் சீட் மேலே எழும்பும், சுவிட்ச் விடுபடும், இன்ஜின் நின்றுவிடும். கத்தி ஆளை வெட்டிவிடாமல் இருக்க வைத்த காவல். பிரேக்கில் கால் இருக்கிறவரைக்கும் அது குறுக்கே வராது.

மெக்கானிக் மீட்டரை அதில் மாட்டிவிட்டு, சீட்டைக் கையால் அழுத்தினார். இணைப்பு சேர்ந்ததும் மீட்டர் கீச்சென்று கத்தியது. கையை எடுத்ததும் அடங்கியது. நல்ல சுவிட்ச்தான்.

அவரே உட்கார்ந்து பார்த்தார். கீச்.

"நீ உக்காரு மாப்ள."

சத்தமில்லை.

"நல்லா உக்காருய்யா. பொண்ணு பாக்கப் போன எடம் மாதிரி நுனில உக்காந்திருக்க."

மாப்பிள்ளை பின்னால் நகர்ந்து, சாய்ந்து, அழுத்தி உட்கார்ந்தான். மீட்டர் வாயைத் திறக்கவில்லை.

மெக்கானிக் ஒன்றும் புரியாமல் அவன் தோளில் கை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார்.

கீச்.

கையை எடுத்தார். நின்றது. மறுபடி வைத்தார். கத்தியது.

அது கத்திக்கொண்டிருக்கும்போதே கைக்கு வேறொன்று தட்டுப்பட்டது. கோட்டுக்குள்ளே இன்னொரு சட்டை. அதற்குள்ளே இன்னொன்று. அதற்கும் உள்ளே வெறும் எலும்பு.

மாப்பிள்ளை ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெயிட்டு எறங்கிக்கிட்டே இருக்கு மச்சான். என்னன்னு தெரியல. வெளில தெரிஞ்சா வேல போயிடுமேன்னுதான்..."

இரண்டு விரல் நீளத்துக்கு ஒரு ஒயர் இருந்தால் போதும். அந்தச் சுவிட்சை நேராக இணைத்துவிட்டால், சீட்டில் ஆளே இல்லாவிட்டாலும் வண்டி ஓடும். மெக்கானிக் ஒயரை வெட்டிக் கையில் எடுத்தும்விட்டார். இந்த உடம்போடு இவன் மயங்கிச் சரிந்தால் என்னாகும் என்று நினைத்தார். ஒயரைத் தூர எறிந்தார்.

பெட்டியைக் கொட்டிக் கிளறி, இருந்ததிலேயே இளகலாக இரண்டு ஸ்பிரிங்கைத் தேடி எடுத்துச் சீட்டுக்கு அடியில் மாட்டினார். ஆளில்லாதபோது சீட் எழும்பி நிற்கிறதா என்று நாலு தடவை பார்த்துக்கொண்டார்.

மாப்பிள்ளை உட்கார்ந்தான். கீச்.

மீட்டரைக் கழற்றி, சுவிட்ச் ஒயரைப் பழையபடி மாட்டி, சாவியைத் திருப்பச் சொன்னார். இன்ஜின் பிடித்தது. பிரேக்கிலிருந்து கால் எடுத்தும் நிற்கவில்லை.

"இந்த ஸ்பிரிங் எவ்ளோ மச்சான் தாங்கும்?"

"நீ இன்னும் ஒரு நாலு கிலோ எறங்கற வரைக்கும்" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மாப்பிள்ளை தலையை ஆட்டிவிட்டு வண்டியை நகர்த்தினான். அந்தப் பக்கமாக வந்த சூப்பர்வைசர் இரண்டு வரிசை புல் வெட்டுப்படுகிற வரைக்கும் நின்று பார்த்தார். கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். வேலை தப்பியது.

பையில் போன் அடித்தது. தங்கை.

"சரியாயிடுச்சும்மா. ஸ்பிரிங் கெட்டியா இருந்திருக்கு, மாத்திட்டேன்."

"நா வண்டியவாண்ணா கேட்டேன்?"

அவள் கேட்கவில்லைதான். மூன்று வாரத்துக்கு முன்னால் அவரைக் கூப்பிட்டு, "அவரு ஒடம்புக்கு என்னன்னு நீயாச்சும் கேட்டுச் சொல்லுண்ணா, எங்கிட்ட வாயத் தொறக்க மாட்டேங்கறாரு" என்றாள். வண்டியும் நின்னு நின்னு போகுதாம் என்பதைப் போகிற போக்கில் சொன்னாள். அன்றைக்கு வந்து பார்த்துவிட்டு அவர் அவளுக்கு பியூஸைப் பற்றிச் சொன்னார். அடுத்த தடவை சாவி சுவிட்சைப் பற்றி.

மைதானத்துக் கோடியில் வண்டி நிற்காமல் திரும்பியது. கோட்டுக்கு மேலே தலை மட்டும் சின்னதாகத் தெரிந்தது.

தங்கை போனை வைக்கவில்லை. மூன்று வாரமாக அவளுக்கு ஒரு பதில் பாக்கி.