பிலோமினா வீட்டுக் குழாய்

தெருவில் எல்லா வீட்டுக் குழாயிலும் தண்ணீர் கொட்டியது. பிலோமினா வீட்டில் மட்டும் வெறும் காற்றுதான் வந்தது. படுக்கையில் கிடக்கும் புருஷனின் உடம்பைத் துடைத்துவிடக்கூட ஒரு சொட்டு இல்லை. காலிப் பித்தளைக் குடத்தோடு குடிநீர் அலுவலகத்துக்குள் நுழைந்தாள்.

“உங்களுக்கு நாங்கதான் இளிச்சவாயங்களா கெடைச்சோமா?”

“கோவப்படாதீங்கக்கா,” என்றான் இளம் பொறியாளன் நவ்ஷாத். “தண்ணிய நிறுத்தினா யாரு என்ன செய்வாங்கன்னு கம்ப்யூட்டர்ல ரெண்டு விதமா கணிச்சுப் பாக்குறோம். மத்தவங்க விஷயத்துல ரெண்டு கணிப்பும் ஒண்ணையேதான் சொல்லுது. உங்க விஷயத்துலதான் ஒத்துப்போகல. பொறுத்துப்பீங்கன்னு ஒண்ணு, சண்டைக்கு வருவீங்கன்னு இன்னொண்ணு. எது சரின்னு உங்க வீட்லதான் சோதிச்சுப் பாக்க முடியும்.”

“வந்துட்டேன்ல? தெரிஞ்சிருச்சுல்ல? தொறந்து விடுய்யா!”

“நாளைக்கும் வராதுக்கா. என்னை அடிப்பீங்களா மாட்டீங்களான்னு இப்போ புதுசா ரெண்டு கணிப்பு மோதுது.”

பித்தளைக் குடம் இன்னும் பிலோமினாவின் கையில்தான் இருந்தது.