மேசையின் அந்தப் பக்கம்

கடற்பாசியிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலையில் எனக்கு முதல் கட்ட வேலை. கழுவிய பாசியை நீள மேசையில் கொட்டி, அரைக்க அனுப்பும் முன் சிப்பியும் கல்லும் பொறுக்க வேண்டும். சிப்பி தங்கிவிட்டால் அடுத்த தொட்டியில் ஊற்றும் அமிலம் அதைத் தின்றே தீர்ந்துவிடும். பாசி இளகாது.

இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் மனைவி. மழைக்காலத்தில் அவள் இறந்துபோனாள். வேலைக்குத் திரும்பிய நாள் என் பக்கத்தை மட்டும்தான் பொறுக்கினேன். மாலையில் அந்தப் பக்கமும் சுத்தமாக இருந்தது. தினமும் அப்படித்தான். நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பார்த்தால் நின்றுவிடுமோ என்று பயம்.

"ஒத்த ஆளா ரெண்டு ஆள் வேலை பாக்குற. நீயும் படுத்துட்டா நான் யாருக்குப் பதில் சொல்றது?" என்றார் சூப்பர்வைசர். "நாளைக்கு அந்த ஸ்டூல்ல வேற ஆள் போடுறேன்."

"வேணாம் சார். சமாளிச்சுக்குவேன்."

"மூஞ்சியக் கண்ணாடில பாத்தியா நீ?"

இரவு தூக்கம் வரவில்லை. அவள் இடம் போய்விடும் என்றே நினைத்தேன்.

மறுநாள் புதிதாக ஒரு பெண் வந்தாள். என்னைப் பற்றி எதுவும் தெரியாதவள். ஸ்டூல் வரை போனவள் தயங்கி நின்றாள். பிறகு மேசையைச் சுற்றி வந்து, என் அருகில் காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மதியச் சங்கு ஊதியது. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அண்ணே, அந்த அக்கா காலைலேருந்து தலையே தூக்கலயே. சாப்பிடச் சொல்லுங்க."

"சொன்னா கேக்க மாட்டா," என்றேன்.