ஒரு நிமிஷ வீடியோ

“இந்த வீடியோவும் சரியில்லியாம்பா. திரும்ப எடுக்கணும்” என்றான் கோபி.

பெருமாள் தலையில் அடித்துக்கொண்டார். ஒரே ஒரு நிமிஷ வீடியோ. அதை ஒரு மாதமாக எடுத்துக்கொண்டிருக்கிறான், பி.இ. முடித்த பிள்ளை.

“இந்த வாட்டி இன்னாவாம்?”

“தண்ணி கலங்கலா தெரியுதாம். இன்னும் நாலு நாள் நிறுத்தாம ஓட்டுனாத்தான் தெளியும்.”

ஆம்பூருக்கு வெளியே பெருமாளுக்கு ஒரு டேனரி இருந்தது. தோல் பதனிட்ட கழிவுநீரைச் சுத்தம் செய்ய, அதன் பின்பக்கம் ஒரு ப்ளாண்டும் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல முடியும். ஓடியது என்று சொன்னால் பொய். அதிகாரிகள் வருகிற அன்றைக்கு மட்டும் மோட்டார் ஓடும். மற்ற நாட்களில் ஆபரேட்டர் காசிநாதன் அதற்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுத் தூங்குவார். கழிவுநீர் தன் பாட்டுக்கு ஓடைக்குப் போய்விடும்.

ஆனால் பெருமாளுக்கு இந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. வீட்டில் கேன் தண்ணீர்தான். “மனுசன் இருக்கிற ஊரா இது? நல்ல தண்ணி உண்டா, நல்ல காத்து உண்டா?” என்று கல்யாண வீடு, துக்க வீடு பாராமல் சொல்லிச் சொல்லி, கடைசியில் மகனைக் கனடாவுக்கு அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தவர்.

என்ன படிப்பு என்பதில் அவருக்கு எந்தப் பிடிவாதமும் கிடையாது. வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்புகிற வேலூர் கன்சல்டன்சியில் ஷர்மிளா என்ற பெண், “உங்களுக்கு எதுல இன்ட்ரஸ்ட்?” என்று கோபியைத்தான் கேட்டாள். பதில் சொன்னவர் பெருமாள்.

“பி.ஆர்.லம்மா.”

எதைப் படித்தால் அங்கேயே நிரந்தரமாகத் தங்க விடுவார்களோ, அது. ஷர்மிளா கம்ப்யூட்டரைத் திருப்பி, அந்த நாட்டில் ஆள் பத்தாத வேலைகளைக் காட்டினாள். கோபி வெகு நேரம் பார்த்துவிட்டு ஒன்றைத் தொட்டான். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, டிப்ளமோ.

“சாக்கடைப் படிப்பா?” பெருமாள் முகம் சுளித்தார். “பி.ஆர். கெடைக்குமாம்மா?”

“சான்ஸ் ஜாஸ்தி சார்.”

“அப்போ நல்ல படிப்புதான்.”

மறுநாளே கோபி இந்த வீடியோ சமாச்சாரத்தோடு வந்தான். ஓடுகிற ப்ளாண்டில் அவன் நின்று வேலை பார்ப்பதை ஒரு நிமிஷம் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறார்களாம் கன்சல்டன்சியில். ப்ளாண்டுக்கு எங்கே போவது என்று மற்ற பிள்ளைகள் அலைய வேண்டும், நமக்கென்ன, கைவசம் இருக்கிறதே என்று பெருமாளுக்குப் பெருமை பிடிபடவில்லை. தூசு தட்டி மோட்டாரைப் போடச் சொன்னார்.

அன்றோடு காசிநாதனின் தூக்கம் போயிற்று.

முதல் வீடியோவில் நுரை ஜாஸ்தி. அடுத்ததில் கோபியின் முகம் இருட்டு. அதற்கடுத்ததில் எவனோ ஒருவனுடைய மாடு குறுக்கே வந்து, கோபியைவிடத் தெளிவாக விழுந்திருந்தது. வீடியோதான் உருப்படவில்லையே தவிர, மோட்டார் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

டேனரியில் பெருக்குகிற முனியம்மாவின் வீடு ஓடைக்கரையில் இருந்தது. அவள் ஒரு நாள் வந்து, “மொதலாளி, ஓடையில இப்பல்லாம் நாத்தமே கம்மியாயிடுச்சு. எம்பொண்ணு கால்ல இருந்த சொறிகூட ஆறிட்டு வருது” என்றாள்.

“வராம? என் கரன்ட் பில்லு பூரா அங்கதானே ஓடுது” என்றார் பெருமாள். கோபி குனிந்து செல்போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

இப்போது கலங்கலாம். இன்னும் நாலு நாளாம். டேனரி ஆபீஸ் ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் பெருமாள் மாட்டினார்.

“இன்னிக்கு நானே வேலூர் போயி அந்தப் பொண்ணுகிட்ட கேட்டுட்டு வர்றேன்.”

கோபிக்கு முகம் வெளுத்தது. “வேணாம்பா. நான் பாத்துக்கறேன்.”

“நீ பாத்துக் கிழிச்சது போதும்.” ப்ளாண்ட் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “யோவ் காசிநாதா, நான் அங்க போயி பேசி முடிச்சிடறேன். இன்னியோட மோட்டாரை நிறுத்திடலாம்.”

வழி நெடுக மகனைத் திட்டிக்கொண்டே போனார். நின்று போஸ் கொடுக்கத் தெரியாதவன் கனடாவுக்குப் போய் என்னத்தைக் கிழிக்கப்போகிறான்.

கன்சல்டன்சியில் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டார். “எம்பையனுக்கு சாமர்த்தியம் பத்தாதும்மா. உங்களுக்கு எப்பிடி வேணும்னு சொல்லிடுங்க. கல்யாண வீடியோ எடுக்கிற ஆளைக் கூட்டியாந்து ஒரே மூச்சுல எடுத்துடறேன்.”

“எந்த வீடியோ சார்?”

“அதாம்மா, ப்ளாண்ட்ல நின்னு எடுக்கச் சொன்னீங்களே.”

ஷர்மிளா விழித்தாள். கம்ப்யூட்டரில் ஒரு தடவை தேடிப் பார்த்தாள்.

“கோபிக்கு சீட்டு கன்ஃபர்ம் ஆகி மூணு வாரம் ஆச்சே சார். வீட்ல சொல்லலியா? வீடியோல்லாம் யாரும் கேக்கவே இல்லியே.”

பெருமாளுக்கு ஜிவுஜிவு என்று கோபம் ஏறியது. பெற்ற அப்பனை ஒரு மாதமாக ஏமாற்றியிருக்கிறான், மாட்டை எல்லாம் குறுக்கே விட்டு. திட்டுவதற்கு வாயைத் திறந்தவருக்கு, எதைச் சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை. தண்ணீரை ஏன் சுத்தம் செய்தாய் என்றா கேட்பது? முனியம்மாவுக்குத் தான் சொன்ன பதில் நினைவு வந்து கூசியது. அந்தக் கூச்சத்துக்கு நடுவிலும், தன்னையே இத்தனை நாள் ஏமாற்றத் தெரிந்தவன் எந்த நாட்டிலும் பிழைத்துக்கொள்வான் என்று உள்ளூர ஒரு சந்தோஷம்.

செல்போன் அடித்தது. காசிநாதன்.

“பேசிட்டீங்களா மொதலாளி? மோட்டாரை நிறுத்திடட்டுமா?”

பெருமாள் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஓடட்டும்யா. வீடியோ இன்னும் சரியா வரலியாம்.”