கஸ்டமர் வீட்டு டிம்மர்

வெளிச்சத்தைக் குறைத்தால் மட்டும் கூடத்து விளக்கு ஏன் படபடக்கிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. சாயங்காலம் மாமியார் வேறு வருகிறார். கடைக்குப் போன் செய்து எலக்ட்ரீஷியனை வரவழைத்தாள்.

அவர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் சுவிட்சைக் கழற்றிப் பார்த்தார். "டிம்மரும் ஒயரிங்கும் நல்லாத்தான் இருக்கு மேடம். டிம்மர் கரண்டை வெட்டி வெட்டித்தான் அனுப்பும். இந்த எல்இடி பல்பு அதைத் தாங்காது. எந்தப் புத்திசாலி மாட்டினது?"

"நீங்கதான். ஒரு மாசமாச் சொல்றேன், காதுலயே வாங்கலை. கஸ்டமர்னு கடையில பதிஞ்சதும் ஓடி வர்றீங்க. உங்கம்மா வர்றதுக்குள்ள மாத்துங்க."

கணவர் அசடு வழிந்தபடி, டிம்மருக்கென்றே செய்த எல்இடி பல்பை மாட்டி, வெளிச்சத்தைக் குறைத்தார். விளக்கு நடுங்காமல் எரிந்தது.