ஜூன் முப்பது, மாலை ஆறு மணி

மேசையின் தலைப்பக்கம் ஒமாஹா கூடைப்பந்து அணியின் பொது மேலாளர் ரஸ் கோவால்சிக். அவருக்கு வலப்பக்கம் வழக்கறிஞர் ரெனாட்டா ஆஸ்குட். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. எதிரே, ஊர் ஊராகப் போய் ஆட்டக்காரர்களைப் பார்த்து வரும் டெரல் மேஹியூ. கதவோரம் கணினியோடு லோர்னா. அணியின் கடிதங்கள் எல்லாம் இருபது வருஷமாக அவள் கைவழியாகத்தான் போகின்றன.

ரஸ், லீக்கின் விதிப்புத்தகத்தைத் திறந்து அதன்மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். கோர்ட்டில் சத்தியம் செய்ய நிற்பவர் மாதிரி இருந்தது.

"எழுதுங்க லோர்னா. இந்த விளையாட்டோட மானத்தைக் காப்பாத்தத்தான் இந்தப் புகார்."

மானத்துக்கு மேலே லோர்னா தேதியைப் போட்டாள். ஜூன் இருபத்துமூன்று.

லாமாண்ட் விட்லாக் ஹார்ட்ஃபோர்ட் அணிக்கு ஆடுகிறவன். அவனுடைய ஒப்பந்தம் முடிகிற வருஷம் இது. ஜூன் முப்பது மாலை ஆறு மணி அடிக்கும்வரை வேறெந்த அணியும் அவனிடமோ அவன் ஏஜென்டிடமோ வாய் திறக்கக் கூடாது என்பது விதி. வருஷா வருஷம் ஆறு மணி ஒரு நிமிஷத்துக்கெல்லாம் யாராவது ஒரு பெரிய ஆட்டக்காரனின் நான்கு வருஷ ஒப்பந்தம் பேசி முடிந்துவிட்டதாகச் செய்தி வரும். அந்த ஒரு நிமிஷத்தில் எவ்வளவு பேசிவிட்டார்கள் என்று யாரும் வியப்பதில்லை.

இந்தத் தடவை டாம்பா அணி மே மாதமே விட்லாக்கை மடக்கிவிட்டது என்று பேச்சு. அவன் ஒமாஹாவுக்கு வராவிட்டால் அந்தத் தலைப்பக்க நாற்காலியில் ஜூலையில் வேறு ஆள் உட்காருவார் என்று அணியின் முதலாளியம்மா போனிலேயே சொல்லிவிட்டாள். டாம்பா செய்தது குற்றம் என்று லீக் தீர்ப்புச் சொன்னால் அவர்களால் விட்லாக்கைத் தொட முடியாது. ரஸ்ஸின் நாற்காலி இந்தக் கடிதத்தின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது.

சாட்சி யார் என்று ரெனாட்டா கேட்டாள். டெரல் வாயெடுப்பதற்குள் ரஸ் பதில் சொன்னார்.

"நம்ம டெரல் கண்ணால பாத்திருக்கான். மே பதினாலு, சிகாகோ, ஏர்போர்ட் பக்கத்து ஹோட்டல். புதுப் பசங்களைப் பார்க்கிற முகாமுக்குப் போனவன் அங்க ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒதுங்கியிருக்கான்."

டெரல் தலையை மட்டும் ஆட்டினான். ஆனால் அவன் எழுதிக் கொடுத்த குறிப்பில் எதுவும் விட்டுப்போகவில்லை. லோர்னா பத்திகளுக்கு எண் போட்டு, வாசித்துக்கொண்டே தட்டச்சு செய்தாள். ஹோட்டலின் உள்ளறையில் விட்லாக் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்; பக்கத்தில் ஏஜென்ட்; எதிரே டாம்பாவின் பொது மேலாளர். விட்லாக் பெயர் போட்ட டாம்பா சட்டை ஒன்று நாற்காலி முதுகில் தொங்கியது. ஏழு ஐந்துக்குத் தொடங்கிய பேச்சு எட்டு இருபதுக்கு முடிந்தது.

நான்காவது பத்தியில் அவள் நின்றாள். "எட்டு பத்துக்கு ஏஜென்ட் வெளியே எட்டிப் பார்த்து, இன்னும் பத்து நிமிஷம்னு சொன்னார்னு இருக்கு. யாருகிட்ட சொன்னார்?"

"பரிமாறுற ஆளுகிட்டதான். வேற யாருகிட்ட சொல்லுவான்?" என்றார் ரஸ்.

ரெனாட்டாவுக்கு அந்த வரி மிகவும் பிடித்துப்போயிற்று. ஏஜென்ட் தன் வாயாலேயே நேரத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிறது, அப்படியே இருக்கட்டும் என்றாள்.

கடைசிப் பத்தியை ரஸ் எழுந்து நின்று சொன்னார். விதியை மதிக்கும் சிறிய ஊர் நாங்கள். ஆறு மணி அடிக்கும்வரை கைகட்டி நிற்பவர்கள். அதற்காகத் தண்டனை அனுபவிப்பதும் நாங்களேதானா?

அந்த நேரம் முதலாளியம்மாவிடமிருந்து போன் வந்தது. ரஸ் பக்கத்து அறைக்குப் போனார். அந்த இடைவெளியில் ரெனாட்டா ஒரு வரி சேர்க்கச் சொன்னாள்: சம்பவ நாளன்று அந்த ஏஜென்ட் சந்தித்தவர்கள் அத்தனை பேரின் பட்டியலையும் லீக் வாங்கிப் பார்க்க வேண்டும்.

"இந்த வரிதான் அவங்க கழுத்துல சுருக்கு," என்றாள்.

ரஸ் திரும்பி வந்து, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கியபடி கையெழுத்துப் போட்டார். படித்துப் பார்க்கவில்லை. லோர்னாவின் கடிதத்தை யாரும் படித்துப் பார்ப்பதில்லை. மறுபடி பக்கத்து அறைக்குள் போய்விட்டார். கவலையே வேண்டாம் என்று அவர் முதலாளியம்மாவிடம் சொல்வது இங்கே கேட்டது.

லோர்னா கடிதத்தை மூன்றாக மடித்து உறையிலிட்டாள். ஓரத்தை நகத்தால் இரண்டு முறை நீவி ஒட்டி, அணியின் முத்திரையைக் குத்தினாள். கூரியர்க்காரர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார். லிஃப்ட் கதவு மூடியது.

ரெனாட்டா நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். எல்லாப் புகழும் டெரலுக்குத்தான் என்றாள்.

"ஒண்ணேகால் மணி நேரம் அந்தக் கதவுக்கு வெளியிலேயே உட்கார்ந்து கண்காணிச்சிருக்கீங்க. அந்தப் பொறுமை யாருக்கு வரும்?"

டெரல் கூச்சத்தோடு தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"கண்காணிப்பெல்லாம் இல்லீங்க மேடம். டாம்பாவுக்கு அடுத்த டோக்கன் நம்மளோடது."